கோஜி: ரெண்டு செடி வையுங்கள், ஒரு ஏக்கர் வேண்டாம்



சாமை விதைப்பு முடிந்த கையோடு, பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் துண்டு நோட்டீஸோடு என் வீட்டுக்கு வந்தார். ஜமுனாமரத்தூர் பக்கம் நான் இன்னும் ‘பேங்க் சார்’தான், ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. நோட்டீஸில் சிவப்பாக ஒரு பழம், கோஜி பெர்ரி. ஒரு கன்று 250 ரூபாய், ஏக்கருக்கு 1,000 கன்று, பழத்தை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று போட்டிருந்தது.

“சார், ரெண்டரை லட்சம் ஆகுது. வீட்ல நகையை வெச்சிடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வார்த்தை எதுவும் சொல்லாமல், கொல்லைக்குக் கூட்டிப் போய் என் செடிகளைக் காட்டினேன். அவரிடம் பேசியதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நம்ம கத்தரிக்குப் பங்காளி

கோஜி நமக்கு அன்னியமான குடும்பம் இல்லை. கத்தரி, தக்காளி, மிளகாய், மணத்தக்காளி எல்லாம் இதன் பங்காளிகள். தாவரவியலில் லைசியம் பார்பாரம் என்பார்கள். சீனாவின் வடமேற்கே, மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ள நிங்சியாதான் இதற்குப் பேர்போன இடம். அங்கே கோடையில் நல்ல வெயில், குளிர்காலத்தில் உறைபனி. செடி இலையை உதிர்த்து ஓய்வெடுக்கும். நம் நாட்டில் லடாக்கில், இதன் உறவுச் செடி ஒன்று கறுப்புப் பழத்தோடு தானாகவே வளர்கிறது.

நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் சுமார் 725 மீட்டர் உயரம். மார்கழியில் பல் கிட்டும்தான். ஆனாலும் அது அந்த ஊர்க் குளிர் ஆகாது. இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வையுங்கள்.

விதையிலிருந்து

நாலு வருஷத்துக்கு முன் மகள் சென்னையிலிருந்து உலர்ந்த கோஜி பாக்கெட் வாங்கி வந்தாள். பழத்தை வெதுவெதுப்பான நீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிசைந்தால், தக்காளி விதை மாதிரியே சின்ன விதைகள் வரும். மாசியில் குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து 60 விதை போட்டேன். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கூடாது. பத்து நாளில் நாற்பது சொச்சம் முளைத்தது.

பாசத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பாதிக்கு மேல் நாற்றழுகலில் சாய்ந்துவிட்டது. மறுமுறை டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய உரத்தில் கலந்து போட்டு, காலையில் மட்டும் தெளித்தேன். நாற்று நின்றது.

ஒரு சாண் உயரம் வந்ததும் ஆடியில் நடலாம். ஒன்றரை அடிக் குழியில் தொழு உரம், ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு, கொஞ்சம் அடுப்புச் சாம்பல். லேசான களர்த்தன்மையையும் இந்தச் செடி தாங்கும். வேரில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. ஐப்பசி மழைக்கு முன் மண் அணைத்து மேடாக்கிவிடுங்கள். தொட்டியில் வைத்தால் அடியில் ஓட்டை இருக்கட்டும், நாள் முழுக்க வெயில் படட்டும். அசுவினியும் சிலந்திப்பேனும் வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்.

கன்று வாங்கினால்

விதைச் செடி தாய் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. காய்த்த செடியில் பென்சில் கனத் தண்டை ஒரு சாண் வெட்டி வேர் பிடிக்க வைத்தால், தாய்க்குணம் மாறாது, காய்ப்பும் முந்தும். நானும் ஒரு நாற்றுப்பண்ணையில் ரெண்டு கன்று வாங்கினேன். ஒன்று கோஜியே இல்லை என்பது பூத்த பிறகுதான் தெரிந்தது. குறுகிய ஈட்டி வடிவ இலை, சின்ன ஊதா நட்சத்திரப் பூ, தண்டில் முள் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் காய்த்த தாய்ச்செடியைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கணக்கு

முதல் வருஷம் ஒன்றுமில்லை. ரெண்டாம் வருஷம் பூ வந்து கொட்டியது. மூன்றாம் வருஷம் நாலு செடியிலும் சேர்த்து முக்கால் கிலோ பழம். காய்ந்ததும் 150 கிராம். இதே கணக்கில் ஆயிரம் செடி என்றால் காய்ந்த பழம் 40 கிலோகூடத் தேறாது. பழம் விரல் நுனி அளவுதான். அழுத்திப் பறித்தால் நசுங்கிக் கறுத்துவிடும். பறிகூலி என்ன ஆகும்? அந்த மூணு வருஷத்துக்கு நகைக்கு வட்டி யார் கட்டுவது?

“அவங்களே வாங்கிக்கிறேன்னு சொல்றாங்களே சார்?”

“எழுத்துல குடுத்திருக்காங்களா தம்பி? என்ன விலைக்கு?”

தம்பி பேசவில்லை. 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி நிறுவனம் கவிழ்ந்தபோது நான் ஈரோடு பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். அங்கேயும் ‘நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்’ என்றுதான் சொன்னார்கள். நகையை மீட்க முடியாமல் கவுண்டர் முன் நின்ற முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அந்த நகைக்கடன்களில் சிலவற்றுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். எதற்குக் கடன் என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கலாம்.

அதனால் புதுப்பயிர் எதுவானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். நம்ம பக்கத்தில் இது காய்த்ததைக் கண்ணால் பார்த்தோமா? யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பது எழுத்தில் உண்டா? தோற்றால் வீட்டில் அடுப்பு எரியுமா?

வரப்பில் இருப்பது

சாமைக் கொல்லை வரப்பில் சொடக்குத் தக்காளி தானாக முளைக்கிறது. பழுத்ததை உடைத்துத் தின்றபடிதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதுவும் கோஜிக்குப் பங்காளிதான். வேலியோரம் மணத்தக்காளி, காட்டில் நெல்லி. இவற்றுக்கு நோட்டீஸ் அடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கோஜியை வெறுக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு ரெண்டு செடி அழகு. இளம் இலையைச் சீனர்கள் கீரையாகச் சூப்பில் போடுகிறார்கள், நாங்களும் போடுகிறோம். ஒரு எச்சரிக்கை: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பழத்தைத் தொட வேண்டாம், மருந்தின் வேகத்தை அது கூட்டிவிடும்.

தம்பி போகும்போது நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில்தான் வைத்தார், கிழிக்கவில்லை. பத்து நாள் கழித்து வந்து, “ரெண்டு தண்டு குடுங்க சார், வூட்டுக்காரி கேக்கறா” என்றார். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

கவாத்து செய்யும்போது தண்டு நிறைய மிஞ்சும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஈரச்சாக்கு ஒன்று கொண்டு வாருங்கள். விலை கிடையாது.