திறக்காத ஃபைலை அழிக்காதீர்கள்!

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் கண் கலங்க வந்து நின்றாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"மாமி, எங்க மாமியார் தாலாட்டுப் பாடினதை ஃபோனில் வீடியோ எடுத்தேனே, அது கெட்டுப் போச்சாம். லாப்டாப்பில் ஏத்திட்டு ஃபோனில் அழிச்சுட்டேன். இப்ப திறக்க மாட்டேங்குது. ரிப்பேர்காரர், 'ஃபைல் போச்சு, அழிச்சுடுங்க'ன்னுட்டார்."

மாமியார் காலமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. பேத்திக்கு மிச்சமிருப்பது அந்தக் குரல் ஒன்றுதான்.

"அழிச்சுடலையே?" என்றேன் பதறிப் போய். நல்ல வேளை, இல்லை.

லாப்டாப்பைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அவள் தம்பி அதில் உபுண்டு போட்டுக் கொடுத்திருந்தான். விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் வகை இது. 2004-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

"ஃபைலுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. கோடெக்தான் இல்லே!" என்றேன்.

அதென்ன கோடெக்? காயை வற்றலாகச் சுருக்கி வைக்கிறோமே, அதுபோல ஃபோனும் வீடியோவைச் சுருக்கித்தான் வைக்கிறது. வற்றலைப் பொரிக்கச் சட்டி வேண்டாமா? சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் சட்டிதான் கோடெக்.

அதை முதலிலேயே வைத்துக் கொடுத்தால் என்ன? கஞ்சத்தனம் இல்லை, சகோதரிகளே! ஃபோன்களில் பரவலாக உள்ள எச்.264 என்ற சுருக்கும் முறைக்குக் காப்புரிமை உண்டு. உலகம் முழுக்க இலவசமாகக் கொடுத்தால் வழக்கு வரலாம். அதனால் தனியாக வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக் கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எம்பி3 பாட்டுக்கும் முன்பு இதே தொல்லைதான். ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் 2017 ஏப்ரலில் தன் லைசென்ஸ் திட்டத்தை முடித்துக் கொண்டது. அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

சரி, நாம் என்ன செய்வது?

* முதல் வேலையாக ஃபைலைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

* உபுண்டுவின் ஆப் சென்டரில் விஎல்சி என்று தேடிப் போட்டுக் கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறக் கூம்புதான் அடையாளம். 1996-ல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய முயற்சி இது. வேண்டிய கோடெக்குகள் பெரும்பாலும் இதோடு சேர்ந்தே வந்துவிடும்.

* மற்ற பிளேயர்களிலும் ஓட வேண்டுமா? 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பை டெர்மினல் வழியாகப் போடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு தட்டும்போது எழுத்து தெரியாது, பயப்பட வேண்டாம். நடுவில் எழுத்துருவுக்கான ஒப்பந்தம் வந்து நின்றால், டேப் பட்டனைத் தட்டி 'ஓகே'க்குப் போய் என்டர் அடியுங்கள்.

* புதிதாக உபுண்டு போடுகிறவர்கள், கூடுதல் மீடியா வகைகள் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்துவிட்டால் இந்த அவஸ்தையே இல்லை.

விஎல்சி போட்டுத் திறந்தோம். பாட்டியின் குரல் கேட்டதும் குழந்தை சட்டென்று திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

திறக்காத ஃபைலெல்லாம் கெட்ட ஃபைல் இல்லை. யார் சொன்னாலும் சரி, அழிக்குமுன் ஒரு தடவை விஎல்சியில் போட்டுப் பார்த்துவிடுங்களேன்!