துப்பாக்கியின் பெயரும் தரமும்



கொடைக்கானலுக்கு இரயிலில் வருவோர் இறங்கி மலையேறுமிடம், அம்மையநாயக்கனூரில் உள்ள கொடைக்கானல் ரோடு நிலையம். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் காலை, கொடைக்கானலுக்கென்று திருநெல்வேலியிலிருந்து மனைவியுடன் புறப்பட்ட ஒருவர் மலைக்கு வந்து சேரவேயில்லை. அவர் திருநெல்வேலியின் பொறுப்புக் கலெக்டர் ஆஷ். அவருடைய குழந்தைகள் நால்வரும் கொடைக்கானலில் ஒரு வாடகை பங்களாவில் தங்கியிருந்தனர். அவர்களைக் காணவே பெற்றோர் புறப்பட்டனர். மணி 10.38க்கு வண்டி மணியாச்சியை அடைந்தது. இலங்கைக் கப்பல் பயணிகளை ஏற்றிவரும் போட் மெயிலுக்காக அங்கே காத்திருக்கையில், செங்கோட்டை வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டியை அணுகி ஆஷைச் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடி, கழிப்பறையுள் புகுந்து, தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் கையிலிருந்தது பெல்ஜியம் நாட்டில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் இவ்வரலாற்றை நான் நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, பெல்ஜியத் துப்பாக்கி உயர்ந்ததா, இங்கிலாந்துத் துப்பாக்கி உயர்ந்ததா?” என்று வினவினான். வகுப்பு சிரித்தது. பாடத்துக்கு வெளியே போகாதே என்று அவனை அமரச் செய்துவிட்டேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது. அதை ஒப்புக்கொள்ள அன்று மனம் வரவில்லை. ஆங்கில அரசின் பெரிய அதிகாரி ஒருவரைக் கொன்ற கருவி ஏன் ஆங்கிலக் கருவியாக இல்லை என்பது வரலாற்றுக் கேள்வியும் ஆகும். காலங்கடந்தேனும் அவனுக்கு விடை கூற முயல்கிறேன்.

முதலில் கருவியின் இயல்பை அறிவோம். கைத்துப்பாக்கிகளுள் இரு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று, ரிவால்வர் என்னும் சுழல் துப்பாக்கி. பெரும்பாலும் ஆறு அறைகள் கொண்ட உருளையொன்று அதில் இருக்கும். விசையை இழுக்குந்தோறும் உருளை ஓர் அறையளவு சுழன்று, புதிய தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். சுழற்றும் ஆற்றல் சுடுபவரின் விரலிலிருந்தே வருகிறது. ஆகையால் ஒரு தோட்டா வெடியாமற் போனாலும் குற்றமில்லை; மறுமுறை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும்.

மற்றொன்று, தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி. இதில் தோட்டாக்கள் பெரும்பாலும் கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய உலோகப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தோட்டா வெடிக்கும்போது குண்டு முன்னே பாய்கிறது. அதே விசை துப்பாக்கியின் மேற்கூட்டைப் பின்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் நீங்கள் அது இங்கே வேலை செய்வதைக் காணலாம். பின்னே சென்ற மேற்கூடு காலித் தோட்டாவை வெளியே எறிந்து, ஒரு சுருள்வில்லை அமுக்குகிறது. வில் மீளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏற்றப்படுகிறது. வேகமான, தட்டையான, பையில் அடங்கும் கருவி இது. ஆயினும் இதன் ஒவ்வொரு செயலும் முந்திய தோட்டாவை நம்பியே நிற்கிறது. மார்கழி மாதத்துக் கொடைக்கானல் மூடுபனியில் ஒரு தீப்பெட்டியைத் திறந்து வைத்துப் பாருங்கள். மறுநாள் பத்துக் குச்சிகளை உரசினாலும் ஒன்றும் பற்றாது. தோட்டாவும் அவ்வாறே ஈரத்தால் கெடக்கூடும். தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியில் ஒன்று நமத்துப்போனால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

இவ்வகைத் துப்பாக்கியை எளிமையாக்கி உலகெங்கும் பரப்பியவர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் (1855–1926). அவர் தம் வரைபடங்களை இரு தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தார். ஒன்று அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக் கோல்ட் தொழிற்சாலை. மற்றொன்று பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில், 1889ஆம் ஆண்டு, பெல்ஜியப் படைக்கு மௌசர் ரைபிள்கள் செய்வதற்கெனத் தொடங்கப்பட்ட ஃபாப்ரிக் நாசியோனால் என்னும் நிறுவனம். ரைபிள் வேலை முடிந்ததும் எந்திரங்கள் சும்மா கிடக்காமலிருக்க அதற்கு வேறு சரக்கு தேவைப்பட்டது. பிரௌனிங் வந்தார். 1900ஆம் ஆண்டு மாதிரி என வழங்கும் 7.65 மில்லிமீட்டர் துப்பாக்கி பிறந்தது. ஏழு தோட்டாக்கள் கொள்ளும் அச்சிறு கருவி சுமார் பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஏழு லட்சம் செய்யப்பட்டது.

அதன் பெயர் வரலாற்றில் அடிக்கடி எதிர்ப்படும். 1909 அக்டோபர் 26இல் ஹார்பின் இரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல்வாதி இட்டோவைக் கொரிய வீரர் ஆன் ஜுங்-கன் சுட்டது அந்த மாதிரியால். அதே ஆண்டு சவார்க்கர் இலண்டனிலிருந்து இருபது பிரௌனிங் துப்பாக்கிகளை மறைவாக இந்தியாவுக்கு அனுப்பினார். டிசம்பர் 21ஆம் நாள் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கான்ஹரே சுட்டது அவற்றுள் ஒன்றால். 1914இல் சராயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலகப் போருக்குத் திரி கொளுத்தியதும் அதே ஹெர்ஸ்டால் தொழிற்சாலையின் 1910ஆம் ஆண்டு மாதிரியே. இவற்றைக் கொண்டு, இத்துப்பாக்கி மிகச் சிறந்ததாகையால் இவர்கள் தேடிப் பெற்றனர் என்று முடிவு செய்தல் தவறு. இந்தியருக்கு 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கடைவாசலை அடைத்திருந்தது. கிடைத்ததே கருவி. சட்டைப்பையில் மறையும் அளவும், ஐரோப்பியக் கடைகளில் எளிதாகக் கிடைத்தமையும், அதைக் கடல் கடக்கச் செய்தன. வாஞ்சிநாதன் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றதாக வரலாற்றாசிரியர் கூறுவர்.

அப்படியாயின் தரத்தை எவ்வாறு அளப்பது? ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதைப் போலவே செய்வோம்: ஒன்றை மாறாமல் நிறுத்தி, மற்றொன்றை மாற்றிப் பார்ப்போம்.

ஆங்கிலேயரின் பெருமைக்குரிய வெப்லி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பர்மிங்காம் நகரத்தது. 1887 முதல் அந்நிறுவனத்துச் சுழல் துப்பாக்கிகளைப் பிரிட்டிஷ் படை ஏற்றது. அவை கனமானவை, பருத்தவை, அழகற்றவை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றில் விழுந்து எழுந்தும் அவை சுட்டன. நம் நாட்டுப் போலீஸ் அதிகாரிகளின் இடுப்பிலும் நெடுங்காலம் தொங்கின. இதே வெப்லி, அப்போருக்குச் சற்று முன், தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்றையும் செய்து கடற்படைக்கு அளித்தது. அதன் உறுப்புகள் மிக நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தமையால், சிறிது மணலோ அழுக்கோ புகுந்தால் சிக்கிக்கொள்ளும் என்னும் கெட்ட பெயரையே அது ஈட்டியது. ஒரே பட்டறை, ஒரே எஃகு, ஒரே தொழிலாளர். ஆயினும் ஒன்று உழவனின் மண்வெட்டி போலவும், மற்றொன்று கைக்கடிகாரம் போலவும் அமைந்துவிட்டன. நெருங்கப் பொருந்துதலே உயர்ந்த வேலைப்பாடு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். போர்க்களக் கருவிக்கு ஓரளவு தளர்ச்சி வேண்டும்.

இனி, வரைபடத்தை மாற்றாமல் பட்டறையை மாற்றிப் பார்ப்போம். பிரௌனிங்கின் வரைபடத்தைக் கோல்ட் எவ்வளவு திறம்படச் செய்தது என்பதற்கு ஒரு சான்று, மணியாச்சி நிகழ்ச்சிக்கு மூன்று மாதங்களுக்கு முன், 1911 மார்ச்சில் கிடைத்தது. அமெரிக்கப் படை தனக்கொரு துப்பாக்கி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கோல்ட்டும் சாவேஜ் என்னும் மற்றொரு நிறுவனமும் போட்டியிட்டன. ஒவ்வொரு துப்பாக்கியிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. தொட முடியாதபடி சூடேறியபோது நீரில் அமிழ்த்திக் குளிர்வித்து மீண்டும் சுட்டனர். சாவேஜ் 37 முறை தடைப்பட்டது. கோல்ட் ஒரு முறையும் தடைப்படவில்லை. அம்மாத இறுதியிலேயே அதை அமெரிக்கப் படை ஏற்றது. விளம்பரத்தை நம்பாமல் எண்ணிப் பார்த்தமையால் அச்சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னாளில் சந்திரசேகர ஆசாத்தின் கையிலிருந்ததும் பிரௌனிங் வகுத்த ஒரு சிறிய கோல்ட் துப்பாக்கியே. அதை அலகாபாத் அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஆனால் அதே பிரௌனிங் வரைபடம் வேறு கைகளில் என்னவாயிற்று? 1915இல் பிரெஞ்சுப் படைக்குத் துப்பாக்கிப் பஞ்சம். ஸ்பெயின் நாட்டு எய்பார் வட்டாரத்துப் பட்டறை ஒன்று, பிரௌனிங்கின் 1903ஆம் ஆண்டு மாதிரியைத் தழுவி ‘ரூபி’ என்னும் துப்பாக்கியைச் செய்துவந்தது. பிரான்ஸ் மாதம் பதினாயிரம் கேட்டது. பிறகு மேலும் கேட்டது. ஒரு பட்டறையால் இயலாமல், வேலை பல பட்டறைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவற்றுள் சில நன்றாகச் செய்தன. சில மென்மையான எஃகில் அவசரமாகச் செய்தன. ஒரு பட்டறையின் தோட்டாப் பெட்டி மற்றொரு பட்டறையின் துப்பாக்கிக்குப் பொருந்தவில்லை. எது எவருடையது என்று அறிய எழுத்துகளைப் பொறிக்க வேண்டியதாயிற்று. பெயர் ஒன்று, தரம் பல.

பழனி மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. திண்டுக்கல் பூட்டை அறியாதவர் யார்? 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்ப் பூட்டும் திண்டுக்கல் பூட்டென்னும் பெயரில் விலைபோவதாகத் தொழிலாளர் வருந்துவதையும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு வேறுபாட்டை உற்று நோக்குங்கள். கையால் இழைத்த பூட்டில், ஒன்றன் சாவி மற்றொன்றில் நுழையாமையே சிறப்பு. துப்பாக்கியில் அதுவே பிழை. ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் தயக்கமின்றிப் பொருந்த வேண்டும். அதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. ஒவ்வோர் உறுப்பையும் ஒரே அளவுகருவியால் அளந்து, பொருந்தாததைத் தயங்காமல் தள்ளிவிடும் ஒழுங்கு வேண்டும். ஹெர்ஸ்டாலின் உண்மையான வலிமை அவ்வொழுங்கே என்பது என் கருத்து.

ஜெர்மானியரின் மௌசரைச் சொல்லாமல் விடலாகாது. 1896ஆம் ஆண்டு மாதிரியான அது, விசைக்கு முன்னே தோட்டா அறை கொண்ட பெரிய கருவி. அதன் உறுப்புகள் மரத்தச்சன் வேலை போல ஒன்றோடொன்று கோத்து நிற்கும். கைப்பிடியில் மட்டுமே திருகாணி உண்டு. வேலைப்பாட்டில் அதை மிஞ்சியது அரிது. விலை அதிகம், எடை அதிகம், பையில் மறையாது. 1914 ஆகஸ்டு 26இல் கல்கத்தாவின் ராடா கம்பெனிச் சரக்கிலிருந்து 50 மௌசர்களையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சியாளர் கவர்ந்து சென்றனர். துப்பாக்கியோடு அதற்கெனச் செய்த தோட்டாவும் ஏராளமாகக் கிடைத்ததே அவர்களுக்குப் பெரும்பேறு. எவ்வளவு சிறந்த துப்பாக்கியாயினும், பழைய தோட்டாவும் துருப்பிடித்த வில்லும் அதை வெறும் இரும்பாக்கிவிடும்.

முத்திரையைப் பற்றியும் ஒரு சொல். காய்கறிக் கடைப் படிக்கல்லில் அரசு முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கிக் குழலுக்கும் அவ்வாறு உண்டு. லியேஜ் நகரில் 1672 முதல் சோதனைச் சாலை இயங்குகிறது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. வழக்கத்தினும் மிகுதியான அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, வெடிக்காத குழலுக்கே குறி பொறிப்பர். அம்முத்திரை சுடுபவரின் கைக்குப் பாதுகாப்பு. குழல் உடையாது என்பதற்கு மட்டுமே அது சான்று, சிக்காது என்பதற்கன்று. லியேஜ் முத்திரை பெற்ற மட்டமான துப்பாக்கிகளும் உண்டு. வாங்குவோர் பலர் இந்த வேறுபாட்டை அறியாமல், முத்திரையைத் தரச்சான்றாகவே கொண்டனர்.

ஆக, அந்த மாணவனுக்கு என் விடை இது: நாட்டைக் கேட்காதே, மாதிரியைக் கேள், மாதிரியைக் கேட்டபின் அதைச் செய்த பட்டறையைக் கேள், பிறகு தோட்டாவின் வயதைக் கேள். 1911இல் சேற்றிலும் மழையிலும் போரிட வேண்டியவன் வெப்லியின் சுழல் துப்பாக்கியை நாடியிருந்தால் நான் வியவேன். கூட்டத்தில் மறைத்துச் செல்ல வேண்டியவனுக்குப் பிரௌனிங்கே பொருந்தியது. மணியாச்சியில் அது பழுதின்றி இயங்கிற்று. ஆஷ் விழுந்தார், இருபத்தைந்து வயது வாஞ்சிநாதனும் விழுந்தார், மலைமேல் நான்கு குழந்தைகள் காத்திருந்தனர்.

பிரௌனிங் 1926இல், ஹெர்ஸ்டால் தொழிற்சாலையிலேயே, பணியில் இருந்தபோது உயிர் நீத்தார். அவர் தொடங்கி வைத்த கடைசித் துப்பாக்கியைப் பெல்ஜியரான சேவ் என்பவர் முடித்தார். 1935இல் அது ‘ஹை-பவர்’ என்னும் பெயரில் வெளிவந்தது. வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, அதைத் தழுவி 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைச் செய்தது. ஆங்கில ஆட்சியை எதிர்த்து மணியாச்சியில் வெடித்த கருவியின் கால்வழி, இவ்வாறு சுதந்திர இந்தியப் படை அதிகாரிகளின் இடுப்புறைக்கு வந்து சேர்ந்தது.