பலகையைக் குறை சொல்லுமுன்…

தோட்டத்து ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்ததும் முன்பெல்லாம் அடுப்புக்குத்தான் போகும். இன்றோ அதே மரம் ஜொகூரின் மூவார் போன்ற ஊர்களில் மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது.

என்னிடம் படித்த ஒருவன், சேமிப்பையெல்லாம் போட்டு, பலகையை ஒரே கனமாகச் சீவும் இழைப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினான். ஒரு மாதத்திலேயே, "விற்றுவிடப் போகிறேன் சார்" என்று வந்து நின்றான். சீவிய பலகையில் ஒரு விளிம்பு தடிப்பு, மறு விளிம்பு மெலிவு. இரு முனைகளிலும் பள்ளம். மேசை கேட்டவர் வேண்டாமென்று போய்விட்டாராம்.

எங்கள் தோட்டத்து முதிய தச்சரை அழைத்துச் சென்றேன். அவர் ஒரே கனமுள்ள இரண்டு சட்டங்களை எடுத்தார். அளவை மாற்றாமல், ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் செலுத்தி அளந்தார். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்!

உடனே மின்சார இணைப்பைக் கழற்றினார். "கத்திப் பக்கம் கை போகுமுன் இதுதான் முதல் வேலை, தம்பி." கத்திகள் சரியாகவே இருந்தன, மேசைதான் சாய்ந்திருந்தது. திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இரு சட்டங்களும் ஒத்துவரும் வரை சோதித்தார்.

முனைப் பள்ளத்துக்கும் காரணம் சொன்னார். பலகை நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே உருளைதான் அதைப் பிடிக்கிறது. வெளியே நீண்ட பகுதி பாரத்தால் தாழ்ந்தால், உள்ளே இருப்பது கத்தியை நோக்கி எழும்பும். ஆகவே முன்பின் தாங்கு பலகைகள் மேசையோடு சமமாக இருக்க வேண்டும். நீளப் பலகையைக் கையாலும் தாங்க வேண்டும்.

"கோணல் பலகையை இது நிமிர்த்தாது. உருளை அழுத்தும்போது நிமிரும்; வெளியே வந்ததும் பழையபடி கோணும். முதலில் ஒரு முகத்தை இழைப்புளியால் சமமாக்கி, அதைக் கீழே வைத்து விடு. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சீவாதே. உருளைகளின் இடைவெளியைவிடக் குட்டையான கட்டையை விடவே விடாதே. பலகைக்கு நேர் பின்னே நிற்காமல், ஓரமாக நில்."

மாலையில் வந்த பலகை நான்கு மூலையிலும் ஒரே கனம். இயந்திரம் இன்றும் அவனிடம்தான் இருக்கிறது.

வீடு திரும்பும் வழியெல்லாம், வகுப்பில் நான் "கோணல்" என்று ஒதுக்கிய பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பலகையைக் குறை சொல்லுமுன் மேசையைப் பார்த்தேனா?