லினக்ஸ் கணினியில் வீட்டு பிளான்: எந்த மென்பொருள் நமக்குப் பொருந்தும்?

பூம்புகார், திருமுல்லைவாசல் தொடங்கி ஆக்கூர், நீடூர், தரங்கம்பாடி வரை நம் குடும்பங்களில் ஒரு வீடு என்பது பெரும்பாலும் ஒருவர் வெளிநாட்டில் பத்து, இருபது வருடம் உழைத்துச் சேர்த்த பணம். பணம் அனுப்புபவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அந்த வீட்டில் வாழப்போகும் பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். பிளானை முடிவு செய்வதோ பொறியாளரும் மேஸ்திரியும். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு தாளின் படத்தைப் பார்த்துவிட்டு "சரி, ஆரம்பியுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். சுவர் எழும்பிய பிறகுதான் அடுப்படி சிறியதாகிவிட்டதும், வாசலில் நிற்பவருக்கு உள்கூடம் வரை தெரிவதும் கண்ணில் படுகிறது. இடித்துக் கட்டினால் பணம் போகிறது. அப்படியே விட்டால் ஆயுளுக்கும் மனக்குறை.

இதைத் தவிர்க்க, வீட்டில் இருக்கும் கணினியே போதும். அது லினக்ஸ் கணினியாக இருந்தாலும் போதும்.

லினக்ஸ் ஏன் நம் வீட்டுக்கு வந்தது?

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இருந்தது. பிள்ளைகள் படித்து முடித்த பின் அந்தக் கணினி பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. மேலும், விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணினிகளில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நிறுவிப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள்.

"லினக்ஸில் ஆட்டோகேட் ஓடாதே?" என்பதுதான் உடனே வரும் கேள்வி. உண்மைதான், ஆட்டோகேட் நிறுவனம் லினக்ஸுக்கென்று மென்பொருள் வெளியிடுவதில்லை. 'வைன்' என்னும் இடைமென்பொருள் வழியாக ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அதை நம்பி வேலையைத் தொடங்க முடியாது. ஆனால் வீட்டு பிளான் பார்ப்பதற்கும் வரைவதற்கும் ஆட்டோகேட்தான் வேண்டும் என்பதில்லை.

முதலில் ஹலாலான வழி

நம் ஊர்களில் பல கணினிகளில் இருப்பது விலை கொடுத்து வாங்கிய ஆட்டோகேட் அல்ல. பூட்டை உடைத்த திருட்டு நகல். "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது நமக்குச் சான்றாகாது. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் நடத்திய ஐந்தாவது அமர்வில், படைப்புரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்தது. ஹலாலான சம்பாத்தியத்தில் கட்டும் வீட்டின் முதல் கோடும் ஹலாலாக இருக்கட்டுமே!

கட்டற்ற மென்பொருள்கள் இந்தச் சங்கடத்தையே நீக்கிவிடுகின்றன. அவற்றைப் பயன்படுத்தவும், நகலெடுக்கவும், பிறருக்குக் கொடுக்கவும் உருவாக்கியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இலவசம் என்பதும் கட்டற்றது என்பதும் ஒன்றல்ல. 'டிராஃப்ட்சைட்' என்ற மென்பொருள் லினக்ஸிலும் பல வருடங்கள் இலவசமாகக் கிடைத்தது. 2019-இல் அந்த நிறுவனம் இலவசப் பதிப்பை நிறுத்தியது. ஏற்கனவே நிறுவியிருந்தவர்களுக்கும் அந்த ஆண்டு முடிவோடு அது வேலை செய்யாமல் போனது. கட்டற்ற மென்பொருளை அப்படி ஒருவர் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியாது.

யாருக்கு எது?

1. குடும்பத்தாருக்கு: ஸ்வீட் ஹோம் 3டி

வரைகலை தெரியாதவரும் ஓரிரு நாளில் பழகிவிடலாம். ஒரு பக்கம் தரைப்படத்தில் சுவர், கதவு, ஜன்னல் வைக்க வைக்க, மறுபக்கம் வீடு முப்பரிமாணத்தில் எழும்பும்.

இதில் நமக்கு மிகவும் பயன்படும் வசதி, படத்தைப் பின்னணியாக வைப்பது. பொறியாளர் அனுப்பிய பிளானின் படத்தை உள்ளே கொண்டுவந்து, அதில் அளவு தெரிந்த ஒரு சுவரின் மேல் கோடு இழுத்து "இது 12 அடி" என்று சொல்லிவிட்டால், படம் முழுவதும் அந்த அளவுக்கு வந்துவிடும். பிறகு அதன் மேலேயே சுவர்களை வரைந்தால் போதும். வெளிச்சுவர் 9 அங்குலம், தடுப்புச்சுவர் நாலரை அங்குலம் என்று கனத்தை நாமே குறிக்க வேண்டும். அதை மறந்தால் அறைகள் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

வரைந்து முடித்ததும் 'பார்வையாளர்' என்ற உருவத்தை வீட்டுக்குள் நடத்திப் பார்க்கலாம். அவரை வாசற்படியில் நிறுத்துங்கள். அங்கிருந்து அடுப்படியும் பெண்கள் புழங்கும் கூடமும் தெரிகிறதா? தெரிந்தால் கதவை இரண்டடி நகர்த்தினால் போதுமா, தடுப்பு வேண்டுமா என்று அங்கேயே சோதிக்கலாம். பெருநாளில் சொந்தங்கள் வந்தால் எங்கே உட்காருவார்கள், வயதான உம்மாவின் அறையிலிருந்து கழிப்பறை எத்தனை அடி தூரம், ஒளு செய்யும் இடத்துத் தண்ணீர் நடைபாதைக்கு வருமா என்பதையெல்லாம் செங்கல் வாங்கும் முன்பே பேசி முடிக்கலாம்.

இந்த மென்பொருள் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். எனவே ஊரில் லினக்ஸில் வரைந்த அதே கோப்பை, வளைகுடாவில் இருப்பவர் தன் கணினியில் திறந்து பார்க்கலாம்.

2. அளவு பிசகாத பிளானுக்கு: லிப்ரேகேட்

சிவில் டிப்ளமோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதுவே ஏற்றது. 'கியூகேட்' மென்பொருளின் கட்டற்ற பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது. தட்டையான வரைபடத்துக்கு மட்டுமே ஆனது என்பதால், நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினியிலும் தடங்கலின்றி ஓடும்.

ஒரு குறை உண்டு. ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்புகளை இது அரைகுறையாகவே திறக்கும். அந்த வடிவில் சேமிக்காது. தீர்வு எளிது: "டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள்" என்று பொறியாளரிடம் கேளுங்கள். ஆட்டோகேட்டில் அது சேமிக்கும் பட்டியலிலேயே இருக்கிறது. கோப்பு வந்ததும் முதலில் தலைவாசலை அளந்து பாருங்கள். மூன்றரை அடிக் கதவு 1066.8 என்று காட்டினால் பிளான் மில்லிமீட்டரில் இருக்கிறது. 42 என்றால் அங்குலத்தில். ஓர் அடிக்கு 304.8 மில்லிமீட்டர்.

கியூகேட்டும் நல்ல மென்பொருள்தான். அதன் சமூகப் பதிப்பு இலவசம். டிடபிள்யூஜி வசதி விலைக்கு விற்கும் பதிப்பில் மட்டுமே உண்டு.

3. தொழிலாகச் செய்வோருக்கு: ஃப்ரீகேட்

2024 நவம்பரில் இதன் 1.0 பதிப்பு வெளியானது. கட்டட வரைவுக்கான 'பிம்' பகுதி அதனுடனேயே வருகிறது. ஒரு சுவரின் உயரத்தை மாற்றினால் தரைப்படம், வெட்டுத் தோற்றம் எல்லாம் அதற்கேற்ப மாறும். பழக மாதக்கணக்கில் ஆகும்; கணினியும் ஓரளவு வலுவாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்காக இதைக் கற்கத் தேவையில்லை. டிடபிள்யூஜி கோப்புகளோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டிய அலுவலகங்களுக்கு லினக்ஸில் ஓடும் 'பிரிக்ஸ்கேட்' இருக்கிறது, அது விலைக்குரியது.

ஸ்வீட் ஹோம் 3டி, லிப்ரேகேட், ஃப்ரீகேட் மூன்றையும் உபுண்டு, மின்ட் போன்றவற்றின் மென்பொருள் நிறுவியில் பெயரைத் தேடியே நிறுவிக்கொள்ளலாம்.

கிப்லாவை பிளானில் குறிப்பது

"மேற்கே கிப்லா" என்று பொதுவாகச் சொன்னாலும், பூம்புகாரிலிருந்து கஅபாவின் திசை நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் சுமார் 290 பாகை. பிளானில் வடக்கு மேலே இருக்குமாறு வைத்தால், லிப்ரேகேட்டில் 160 பாகைக் கோணத்தில் ஒரு கோடு போட வேண்டும். அந்த மென்பொருள் கோணத்தைக் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணுவதே காரணம். ஸ்வீட் ஹோம் 3டியில் திசைகாட்டியைத் திருப்பி வடக்கைச் சரியாக வைக்கலாம்.

இந்த ஒரு கோடு இருந்தால் தொழும் அறையில் ஸஃப் எப்படி அமையும் என்பது தெரியும். கழிப்பறைப் பீங்கானை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் தெளிவாகும். இயற்கைத் தேவையின்போது கிப்லாவை முன்னோக்குவதையும் பின்னோக்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கட்டடத்துக்குள் இதில் சலுகை உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பிளான் நிலையிலேயே பீங்கானைத் திருப்பி வைத்துவிட்டால் அந்த விவாதமே தேவைப்படாது. குழாய் பதித்த பின் திருப்புவதுதான் கடினம்.

மென்பொருள் செய்யாத வேலை

திரையில் அழகாக நிற்கும் வீடு நிலத்தில் நிற்குமா என்பதை இந்த மென்பொருள்கள் சொல்லா. காவிரிப் படுகையின் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கடலோரத்தில் உப்புக் காற்று கம்பியை அரிக்கும். அஸ்திவாரத்தின் ஆழமும் கம்பியின் கனமும் பொறியாளரின் பொறுப்பு. செலவை மிச்சப்படுத்த அவரைத் தவிர்ப்பது அறிவுடைமை ஆகாது. நாம் வரைவது அவரிடம் நம் தேவையைத் தெளிவாகச் சொல்வதற்குத்தான்.

அனுமதி விஷயமும் அப்படியே. தமிழகத்தில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். ஆனால் கடலை ஒட்டிய மனைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. 2004 சுனாமியைக் கண்ட கரை இது. அந்த விதிகளைத் தொந்தரவாக நினைக்காமல், மனை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பத்திரத்தில் நிலம் குழியிலும் மாவிலும் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்: நம் பகுதிக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் திரையின் முன் உட்காரவைத்து அவர்கள் கருத்தையும் கேளுங்கள். கலந்தாலோசிப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த வழி; வீண்விரயத்தைத் தடுப்பதும் அதுவே. நாம் கட்டும் இல்லங்களை அமைதியும் பரக்கத்தும் நிறைந்தவையாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக!