சமைப்பது சின்ன வீரமங்கலத்தில்! பணம் வருவது செல்போனில்!!

புதுக்கோட்டை:

விறகு அடுப்பு. கொதிக்கும் அண்டா. சுற்றிலும் வயல்வெளி. ஒரு தாத்தா, அவருடைய 5 பேரன்கள்.

இது ஓட்டல் அல்ல. கல்யாண வீட்டுப் பந்தியும் அல்ல. சாப்பிடுகிறவர்கள் காசு கொடுப்பதில்லை. ஆனாலும் வருமானம் கொட்டுகிறது! எப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-ம் ஆண்டு தொடங்கியது "வில்லேஜ் குக்கிங் சேனல்". சமையல் வேலை பார்த்த பெரியதம்பி தாத்தாவும், பேரன்கள் சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், தமிழ்செல்வன், முத்துமாணிக்கம் ஆகியோரும் சேர்ந்து யூடியூப்பில் ஆரம்பித்தார்கள். வயல் வேலை இல்லாத நாளில் சும்மா இருப்பானேன் என்று தொடங்கியது.

2021 ஜனவரியில் ராகுல்காந்தி இவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்ட வீடியோ வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் சந்தாதாரர்கள் 1 கோடியைத் தாண்டினர். கொரோனா நிவாரணத்துக்கு முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினிடம் ரூ.10 லட்சம் கொடுத்தார்கள்.

பணம் யாருடையது?

நாம் வீடியோ பார்க்கும்போது குறுக்கே விளம்பரம் வருகிறதே, அந்த விளம்பரக்காரர் கொடுக்கும் பணம்தான். விளம்பரத்தில் 100 ரூபாய் வந்தால், வீடியோ எடுத்தவருக்கு 55 ரூபாய். மீதி 45 ரூபாய் யூடியூப் கம்பெனிக்கு.

யாருக்கு எந்த விளம்பரம் என்பதைக் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் ஏலம் விட்டு முடிவு செய்கிறது. ஒரே வீடியோவை அறந்தாங்கியில் பார்ப்பவருக்கு ஒரு விளம்பரம். சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர்க்காரருக்கு வேறு விளம்பரம். நேற்று மிக்சி விலையைத் தேடினீர்களா? இன்று போனைத் திறந்தால் மிக்சிதான்!

ஆகவே அங்கே விலைபோவது நம் பார்வை. "ஓசியில பாக்குறோம்"னு நினைக்கிறோம். நம்மைக் காட்டித்தான் வியாபாரமே நடக்கிறது.

கடைவீதி கதி என்ன?

முன்பெல்லாம் ஆடித் தள்ளுபடி என்றால் ஆட்டோவில் மைக் கட்டுவார்கள். நோட்டீஸ் அடிப்பார்கள். தியேட்டரில் இடைவேளைக்கு சிலைடு போடுவார்கள். ஊரே பார்த்தது.

2016-ல் மலிவு விலை இன்டர்நெட் வந்தது. பணம் அனுப்பும் யு.பி.ஐ. வசதியும் அதே ஆண்டு வந்தது. அதன்பிறகு கதையே மாறிவிட்டது. கடைக்கு வருகிறவர் பொருளைத் தொட்டுப் பார்க்கிறார். விலையைக் கேட்கிறார். அப்புறம் போனைத் தடவிவிட்டு, "போன்ல இதைவிடக் கம்மியா போட்டிருக்கான்ணே, பாத்துட்டு வர்றேன்" என்று நடையைக் கட்டுகிறார். கீழ ராஜ வீதியில் வாடகையும் கரண்டு பில்லும் கொடுத்து உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

வழி இல்லாமல் இல்லை. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், போட்டோ, போன் நம்பர் போடக் காசு கிடையாது. வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப்பும் இலவசம்தான். பேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்தால், கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு மட்டும் காட்டு என்று சொல்லிவிடலாம். மதுரைக்காரருக்குக் காட்டிப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

உஷார்! உஷார்!!

பெரிய கடையின் பெயரைப் போட்டு, "ரூ.5 ஆயிரம் சேலை ரூ.499" என்று ஆசை காட்டும் போலி விளம்பரங்களும் இதே வழியில்தான் வருகின்றன. பணம் போகும், சேலை வராது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தைப் பாதியில் மடக்க வாய்ப்பு உண்டு. பொருள் மட்டமாக வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

பொய் விளம்பரம் செய்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு. திரும்பவும் செய்தால் ரூ.50 லட்சம் வரை! அதில் நடிக்கும் பிரபலங்களும் தப்ப முடியாது.

இன்னொன்று. பொருள் விற்றவன் டெல்லியில் இருக்கட்டும், மும்பையில் இருக்கட்டும். வாங்கியவர் தன் சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். புதுக்கோட்டைக்காரர் பஸ் ஏறிப் போக வேண்டாம். வழக்குக்குப் பதில் சொல்ல அவன்தான் நம்மூர்ப் பக்கம் திரும்ப வேண்டும். பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்!