ஜப்பான் நாட்டின் ஆண்டிறுதியும் பனிக்கால விழாக்களும்

ஆசியாவின் கிழக்கே கடல் சூழ விளங்கும் தீவு நாடு ஜப்பான். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமே காணும் நமக்குப் பனிக்காலம் ஒரு புதுமை. ஜப்பானியருக்கோ அது ஆண்டுதோறும் வந்து வாட்டும் பருவம். வடபகுதி ஊர்கள் பனியில் புதையுண்டு கிடக்கும். அக்கடுங்குளிரையும் அவர்கள் விழாக்காலமாக மாற்றியுள்ளனர். அங்குச் செல்லும் பயணி அவ்விழாக்களின் பொருளை அறிந்து செல்லுதல் நன்று. அறியாதவர் கண்களுக்கு மூடிய கதவுகளே தென்படும்.

கதவுகள் மூடியிருப்பது ஏன்? ஜப்பானியருக்குப் புத்தாண்டு ஓர் இல்லத் திருநாளாகும். முற்காலத்தில் அவர்கள் திங்களின் வளர்பிறை தேய்பிறைகளைத் தழுவிய நாட்காட்டியைப் பின்பற்றினர். 1873ஆம் ஆண்டு முதல் ஜனவரி முதல் நாளையே புத்தாண்டாகக் கொண்டாடி வருகின்றனர். நகரங்களில் பணிபுரிவோர் அந்நாளுக்காகச் சொந்த ஊர் திரும்புவர். இரயில் வண்டிகள் நிரம்பி வழியும். டிசம்பர் 29 தொடங்கி ஜனவரி 3 வரை அலுவலகங்களும் பல கடைகளும் பொருட்காட்சிச் சாலைகளும் மூடப்பட்டிருக்கும். ஆதலின் பயணச் சீட்டையும் தங்குமிடத்தையும் முன்னரே உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

ஆண்டின் கடைசி நாளை 'ஓமிசொக்கா' என்பர். அதற்குள் வீடு முழுவதையும் துடைத்துத் தூய்மை செய்வர். வாயிலில் மூங்கிலையும் பைன் மரக் கிளைகளையும் சேர்த்துக் கட்டி அழகுபடுத்துவர். அன்றிரவு 'தொஷிகோஷி சோபா' என்னும் மீ உண்பர். அது நீண்டிருப்பதால் நீண்ட ஆயுளையும், எளிதில் அறுபடுவதால் பழைய துன்பங்கள் அறுந்து போவதையும் குறிக்கும் என நம்புகின்றனர்.

நள்ளிரவு நெருங்கும்போது பௌத்தக் கோயில்களில் மணி ஒலிக்கத் தொடங்கும். மனிதனைப் பற்றி நிற்கும் ஆசைகள் 108 என்பது பௌத்தர் கருத்து. அவற்றை ஒவ்வொன்றாக நீக்குதற்பொருட்டு 108 முறை மணியடிப்பர். கியோத்தோ நகரில் சியோன்-இன் கோயிலில் உள்ள மணி 1636இல் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 70 டன் எடையுள்ளது. அதனை ஒலிக்கச் செய்யத் துறவியர் 17 பேர் சேர்ந்து கயிறு இழுக்கின்றனர்!

பொழுது புலர்ந்ததும் மக்கள் ஷிந்தோ ஆலயங்களுக்கும் கோயில்களுக்கும் செல்வர். தோக்கியோவின் மெய்ஜி ஆலயத்திற்கு முதல் மூன்று நாள்களில் மட்டும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் வருவதுண்டு. ஷிந்தோ ஆலயத்தினுள் நுழையும் பயணியும் நீரால் கையையும் வாயையும் தூய்மை செய்து, இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குதல் முறையாகும். சீனப் புத்தாண்டில் அங்பாவ் வழங்குவது போல, அங்கும் பெரியோர் சிறுவர்க்குச் சிறு உறைகளில் பணம் அளிப்பர்.

அகித்தா மாநிலத்தின் ஓகா தீபகற்பத்தில் ஆண்டின் கடைசி இரவு வேறு விதமானது. அச்சந்தரும் முகமூடியும் வைக்கோல் ஆடையும் அணிந்த 'நமஹாகே' வீடுவீடாக வருவர். "அழும் பிள்ளை உண்டா? சோம்பேறி உண்டா?" என முழங்குவர். குழந்தைகள் அலறித் தாயை அணைத்துக்கொள்வர். வீட்டார் வந்தவர்க்கு உணவளித்து வழியனுப்புவர். இவ்வழக்கம் 2018இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் இளைஞர் நகரங்களுக்குப் பெயர்வதால் முகமூடி அணியவும் ஆளில்லாத சிற்றூர்கள் உள்ளன. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? அதனைச் செய்வோரும் வேண்டுமல்லவா?

அதே மாநிலத்து யொக்கொத்தே நகரில் பிப்ரவரி நடுப்பகுதியில் பனியைக் குவித்துக் குடைந்து சிறு குடில்கள் அமைப்பர். அவற்றினுள் நீர்த் தெய்வத்தை வணங்கியபடி சிறுவர் அமர்ந்திருப்பர். வழிச் செல்வோரை உள்ளே அழைத்துச் சூடான இனிய அரிசிப் பானமும் அரிசிப் பணியாரமும் வழங்குவர்.

வடக்கே சப்போரோ நகரின் பனிவிழா உலகப் புகழ் பெற்றது. அதனைத் தொடங்கியவர் யாவர்? போரின் துயர் முற்றும் நீங்காத 1950ஆம் ஆண்டில், ஓதோரி பூங்காவில் பள்ளி மாணவர் 6 பனிச் சிலைகளை அமைத்தனர். அதுவே தொடக்கம். இன்று பிப்ரவரியில் இலட்சக்கணக்கானோர் அங்குக் கூடுகின்றனர்.

பனியைத் தடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆனால் அப்பனியைக் கொண்டே விருந்தினர்க்குக் குடில் அமைக்கலாம் என்பதைச் சிறுவரே நமக்குக் காட்டுகின்றனர். மாணவச் செல்வங்களே, என்றேனும் ஜப்பான் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், அக்குடிலினுள் சென்று வணங்கி அமருங்கள்!