எல்லாரும் குடிக்கிறாங்களா?



"காலேஜ்ல எல்லாரும்தான் குடிக்கிறாங்க" என்று மகன் சொன்னால் நாமும் நம்பிவிடுகிறோம். கணக்கு வேற சொல்லுது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான்.

பின்னே ஏன் அப்படித் தோணுது? குடிப்பவனின் அலம்பல் ஊருக்கே தெரியும். குடிக்காத பையன் சத்தமில்லாமல் பஸ் பிடித்து திருவேற்காடு வந்துவிடுகிறான். கேலிக்குப் பயந்து வாயும் திறப்பதில்லை. இதனால் ஒவ்வொருவனும் 'நான் மட்டும்தான் தனி' என்று நினைத்து கிளாஸை எடுக்கிறான். மாணவர்கள் சக மாணவர்களின் குடியைக் கூட்டியே நினைக்கிறார்கள் என்று 1986-லேயே அமெரிக்கக் கல்லூரி ஆய்வு ஒன்று காட்டியது.

திட்டாதீங்க. "உன் கூட்டாளிகள்ல குடிக்காதவங்க யார் யாரு?" என்று கேளுங்க; விரல் விட்டு எண்ணட்டும். பழக்கமாகியிருந்தால் 14446-க்குப் பேசுங்க, கட்டணமில்லை.